துணிச்சாடிக்கு அடியில் மூன்று கல்

எனக்குத் தந்த வேலை, ஒரு துணியைத் தெரிவு செய்வது.

குருக்கள்மடத்தில் வாவிக்கரையோடு நாற்பது வீடுகள். வீட்டுக்கு நான்கு சாடி. அங்கே நிலம் உவர் பிடித்தது. மிளகாய்க் கன்று நட்டால் ஒரு மாதம் நிற்கும், பிறகு இலை நுனியிலிருந்து கருகும். நிலத்தில் நட முடியாதவர்களுக்குச் சாடியில் நடக் கொடுப்பதுதான் திட்டம். பிளாஸ்டிக் சாடிக்கு மூன்று கடைகளில் விலை கேட்டு வரச் சொன்னார் மதுஷன் சேர். மட்டக்களப்பில் இருக்கும் எங்கள் சிறிய நிறுவனத்தில் இந்தத் திட்டத்துக்குப் பொறுப்பு அவர். கள உத்தியோகத்தர் நான். ஒப்பந்தம் ஒக்டோபர் வரை.

நான் விலை கேட்கப் போகவில்லை. பிளாஸ்டிக்கில் வேர் சுவரில் முட்டிச் சுற்றத் தொடங்கும், வெயிலுக்கு மண் வேகும். துணியென்றால் வேர் நுனி காற்றைக் கண்டதும் காய்ந்து நின்றுவிடும், அதற்குப் பின்னாலிருந்து புதிய வேர்கள் கிளைக்கும் என்று ஒரு பக்கம் எழுதி, அவர் சாப்பிடப் போன நேரம் மேசையில் வைத்தேன். வாயால் சொல்லுவது எனக்கு வராது. பல்கலைக்கழகத்தில் நான்கு வருடம் தாவரவியல் படித்தேன். ஒரு விரிவுரையிலும் ஒரு கேள்வி கேட்டதில்லை.

அவர் தாளைப் பிடித்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார்.

“இதை வாயால சொல்லியிருக்கலாமே, பிரஷாந்தி. நான் என்ன புலியா?”

நான் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

“சரி. நாப்பது வீட்டுக்கும் துணியில குடுத்துப் பாப்பம். ஓகஸ்ட் நடுவில எண்ணுவம். செடி நிண்டா அடுத்த ஆயிரத்தி ஐநூறு சாடியும் துணிதான். நிக்காட்டிப் பிளாஸ்டிக். தைக்க ஆள் இருக்கா?”

“ஓம் சேர்.”

ஆள் இருக்கவில்லை. அன்றைக்கு வீட்டுக்குப் போகும் வழியில் காத்தான்குடியில் பஸ்ஸை விட்டிறங்கி, பை விற்கும் கடையொன்றில் யார் தைப்பது என்று கேட்டேன். கேட்பதற்கு முன் கடைக்கு வெளியே அரை மணித்தியாலம் நின்றேன்.

நஸீறா ராத்தாவின் வீடு பள்ளிவாசலுக்குப் பின்னால் மூன்றாவது ஒழுங்கையில். கடைகளுக்குப் பள்ளிக்கூடப் பை தைப்பவர். மெஷின் ஒன்று. கணவர் மஜீட் நானா கட்டாரில் கட்டட வேலையில் விழுந்து முதுகு உடைந்து வந்தவர். முன் அறையில் கதிரையில் இருந்தபடி நூல் நறுக்குவார். ஒழுங்கையில் எல்லாரும் அக்கா முறையில் நஸீறாவை ராத்தா என்றும், அண்ணன் முறையில் அவரை நானா என்றும் சொன்னார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன்.

நான் கொண்டுபோன படத்தை ராத்தா இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

“கேட்டீங்களா? மனிசருக்குத் தச்சு முடிஞ்சி, இனி மரத்துக்கும் சட்டை தைக்கட்டாம்.”

“அளவெடுக்கக் கூப்பிட்டா மரம் வருமா?” என்றார் மஜீட் நானா.

“வராட்டி நீங்க போங்க. சும்மாதானே இரிக்கீங்க.”

மஜீட் நானா சிரித்துக்கொண்டு நூலை நறுக்கினார்.

பங்குனி மாதம் முழுவதும் அவர்களுடைய மாடித்தட்டில் துணிகளைச் சோதித்தேன். ஐந்து துணி. அரிசிச் சாக்கை ஈரமண்ணில் புதைத்து மூன்றாம் கிழமை எடுத்தபோது விரல் உள்ளே போனது. ஜீன்ஸ் துணி நனைந்ததும் இழை இறுகி, மேலே தண்ணீர் நின்றது. கடைகளில் சாமான் போட்டுத் தரும் பைத்துணியை வெயிலில் கட்டி வைத்தேன். மாத முடிவில் நகத்தால் கீறக் கிழிந்தது. கூடாரத் துணியில் தண்ணீர் இறங்கவே இல்லை. ஐந்தாவது, வீதி போடும்போது மண்ணுக்கும் கல்லுக்கும் நடுவில் விரிக்கும் தடித்த துணி. நெய்தது அல்ல, கம்பளி மாதிரி அழுத்திச் செய்தது. சாம்பல் நிறம். ஒரு ஒப்பந்தக்காரரிடம் மிச்சம் கிடந்த சுருள்.

எத்தனை செக்கனில் எவ்வளவு நீர் வடிகிறது என்று நான் கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தேன். ராத்தா பார்த்துக்கொண்டே நின்றார்.

“காத்துப் போற துணிதானே வேணும்? ஊதிப் பாத்தா முடிஞ்சிது.”

மஜீட் நானாவைக் கைத்தாங்கலாக மேலே கூட்டி வந்து, நெருப்புக்குச்சியைக் கொளுத்திப் பிடிக்கச் சொன்னார். கூடாரத் துணியை வாயில் பொத்தி ஊதினார். கன்னம் இரண்டும் உப்பின. சுடர் அசையவில்லை.

“இதால ஊதினா நெருப்பு அணையா. என்ட உசிருதான் அணையும்.”

சாம்பல் துணியில் முதல் ஊதலிலேயே சுடர் அணைந்தது.

“இதுதான் புள்ள. நீ நாலு வருசம் படிச்சா. நான் ஒரு பெட்டி நெருப்புக்குச்சியோட படிச்சிட்டன்.”

என் கொப்பியிலும் அதே துணிதான் வந்திருந்தது. எழுதுவதற்கு வேறு ஒன்றும் இருக்கவில்லை.

ராத்தா அடிக்கு இரட்டைத் தையல் போட்டார். இரண்டு பக்கமும் பட்டியில் பிடி வைத்தார். மண் நிரப்பி நனைத்த சாடியைத் தானே தூக்கிப் பார்த்து, பிடி இழுபடுகிறது என்று அத்தனையையும் பிரித்து மறுபடி தைத்தார். நூற்றி அறுபது சாடி. ஒன்றும் பிழை போகவில்லை.

ஒன்று மட்டும் எனக்குத் தெரிந்திருந்தது. நாங்கள் சோதித்தது சீமெந்துத் தட்டில். காற்றுப் போகும் துணியில் தண்ணீரும் போகும், மேலிருந்தும் போகும், கீழிருந்தும் வரும். உவர் நிலத்தில் நேரே வைத்தால் சாடி திரி மாதிரி உப்பை உறிஞ்சும். அதனால் சாடிக்கு அடியில் மூன்று செங்கல், நடுவில் காற்று. அதையும் எழுதிக் கொடுத்தேன். நானூற்றி எண்பது கல் வாங்கினோம். திட்டத்தின் கல் என்று தெரிய ஒவ்வொன்றிலும் வெள்ளை பெயின்ரால் ஒரு கோடு போட்டேன்.

சித்திரை நடுவில் பகிர்ந்தோம். என் சொந்த ஊர். அந்த நாற்பது வீட்டுக்காரருக்கும் நான் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து என்னைத் தெரியும். கடைசி வீடு கண்ணகை அக்காவுடையது. அவருடைய புருஷன் நல்லரத்தினம் அண்ணன் வாவியில் வலை போடுபவர். அவர்களுடைய வேலிக்கு அங்கால் சேற்றில் நிற்கும் கண்ணாப் பற்றை, அதற்கு அங்கால் தண்ணீர்.

“பைக்கு இருக்கக் கதிரையும் குடுக்கிறாங்களா?” என்றார் கண்ணகை அக்கா, கற்களைப் பார்த்து. “என்ட வீட்டில ஒரு கதிரைதான் இருக்கு. அதுக்கும் மூணு கால்.”

பெண்கள் சிரித்தார்கள். கல் ஏன் என்று நான் விளக்கியிருக்க வேண்டும். அச்சடித்த தாளைக் கொடுத்தேன்.

வைகாசியில் அம்மன் கோயில் கதவு திறந்தது. வருடத்தில் ஏழு நாள்தான் திறக்கும். கடைசி நாள் அம்மனைக் குளிரப் பண்ணும் குளிர்த்தி. அன்றைக்கு வீட்டுக்கு ஒரு பானை பொங்க வேண்டும், ஒரு பானைக்கு மூன்று கல் வேண்டும். வீட்டு அடுப்பில் இருந்த கல் ஆகாது. ஒவ்வொரு வருடமும் புதுக் கல்லுக்காக ஆட்கள் அலைவார்கள். இந்த வருடம் யாரும் அலையவில்லை.

நான் அம்மாவுடன் போனேன். கோயில் வெளியில் அடுப்புகள் வரிசையாக எரிந்தன. ஒவ்வொரு கல்லிலும் வெள்ளைக் கோடு. புகை பட்டுக் கோடு மஞ்சளாகிக்கொண்டிருந்தது. ஒரு வீட்டில் பன்னிரண்டு கல் இருந்தால் நான்கு அடுப்பு. ஒன்று தங்களுக்கு, மூன்று இனசனத்துக்கு. அம்மாவின் பானைக்குக் கீழேயும் மூன்று இருந்தன. கண்ணகை தந்தவள் என்றார் அம்மா. நான் அடுப்புகளை எண்ணினேன். நூறைத் தாண்டியதும் நிறுத்தினேன்.

“என்ன பாக்கிறாய்?” என்றார் அம்மா.

“ஒண்டுமில்லை.”

பொங்கல் தந்தார்கள். சாப்பிட்டேன். முடிந்ததும் கல்லைத் திரும்பச் சாடிக்குக் கீழே வையுங்கள் என்று ஒரு சொல் சொன்னால் போதும். அங்கே ஒலிபெருக்கிகூட இருந்தது. தொலைந்து போன ஒரு சங்கிலிக்காக அதில் இரண்டு தரம் அறிவித்தார்கள். நான் கையைக் கழுவிக்கொண்டு வந்துவிட்டேன். திரும்ப வைப்பார்கள் என்று நினைத்தேன். அப்படி நினைத்தேனா என்று இப்போது நிச்சயமில்லை.

ஜூன் மாதப் பார்வைக்குப் போனபோது இருபத்தேழு வீடுகளில் சாடிகள் நிலத்தில் இருந்தன. மற்றப் பதின்மூன்றில் கல் அப்படியே இருந்தது. அவற்றில் எட்டு, மாதா கோயிலுக்குப் போகும் வேதக்கார வீடுகள். நான்கு வீடுகளில் அந்த வருடம் சாவுத் துடக்கு, கோயிலுக்குப் போகவில்லை. ஒரு வீட்டில் ஆட்கள் கொழும்புக்குப் போயிருந்தார்கள். ஒரு பரிசோதனைக்கு இதைவிட ஒழுங்காக ஆட்களைப் பிரிக்க முடியாது.

கண்ணகை அக்கா மிளகாய்க்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். பூ வந்திருந்தது.

“அக்கா, கல்லு...”

“கல்லுக்கென்ன?”

“பைக்குக் கீழ வைக்க வேணும்.”

“அம்மாளுக்குப் பொங்கின கல்லை எருப்பைக்குக் கீழ வைக்கச் சொல்றியா?” அவர் வாளியை வைத்தார். “படிச்ச பிள்ள கதைக்கிற கதையா இது? அது கோயில் வேம்புக்குக் கீழ அடுக்கியிருக்கு. அது இனி அம்மாட கல்லு. வேற கல்லுத் தா, இப்பவே வைக்கிறன்.”

“பாக்கிறன் அக்கா.”

“என்னத்தைப் பாக்கிறாய்? நிலத்தைப் பாத்துத்தானே கதைக்கிறாய். நிமிர்ந்து சொல்லு.”

நான் நிமிர்ந்தேன். சொல்லவில்லை.

மறுநாள் அலுவலகத்தில் மதுஷன் சேருக்கு மின்னஞ்சல் எழுதினேன். முந்நூற்றி இருபத்து நான்கு கல் தேவை. ஏன் என்று கேட்பார். கோயிலுக்குப் போனது என்றால், யார் கண்டது என்று கேட்பார். நான் கண்டேன். ஏன் தடுக்கவில்லை என்று கேட்பார். அதற்குப் பதில் எழுதத் தெரியவில்லை. மின்னஞ்சலை அனுப்பாமல் வைத்தேன். அடுத்த நாள் திறந்து ஒரு எழுத்துப் பிழை திருத்தினேன். பிறகு திறக்கவில்லை.

கச்சான் காற்று தொடங்கியது. பகல் முழுவதும் மேற்கிலிருந்து சுடச்சுட வீசும். நிலம் வெடித்தது. ஜூலை முதற் கிழமை, சாடிகளின் அடியில் வெள்ளையாக ஒரு வளையம் வந்தது. இரண்டாம் கிழமை அது சாண் உயரத்துக்கு ஏறியது. கோலப்பொடி கொட்டிப் பூசியதுபோல் இருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். பேனை மாதிரியான உப்புமானி ஒன்று அலுவலகத்தில் தந்திருந்தார்கள். மண்ணை நீரில் கரைத்து அதை வைத்தேன். இரண்டுக்கு மேல் போனால் மிளகாய் சோரத் தொடங்கும். கண்ணகை அக்கா வீட்டில் ஏழு காட்டியது. கல்லிருந்த வீட்டில் ஒன்றரை. நிரலில் எழுதினேன்.

துணி செய்ய வேண்டியதைத்தான் செய்தது. நாங்கள் எதற்காக அதைத் தெரிவு செய்தோமோ, அதையே நிலத்தின் பக்கமாகவும் செய்தது.

வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆ முடிந்த பிறகு நஸீறா ராத்தா தொலைபேசி எடுப்பார்.

“என்ட பிள்ளைகள் எப்பிடி இரிக்காங்க?”

“நல்லாயிருக்கு ராத்தா.”

“படம் அனுப்பு. இவருக்குக் காட்டணும். மரத்துக்குச் சட்டை தச்சதுக்கு மரம் என்ன செல்லுது எண்டு கேக்காரு.”

நான் படம் அனுப்பினேன். பதின்மூன்று வீடுகளிலிருந்து மட்டும். அவற்றில் மிளகாய் கொத்தாகக் காய்த்திருந்தது, கத்தரி ஊதாவாக மினுங்கியது. படத்தில் பொய் ஒன்றும் இல்லை. மாஷா அல்லாஹ் என்று பதில் வரும். ஜூலை முடிவில் ராத்தா இரண்டாவது மெஷின் வாங்கினார். ஒழுங்கையிலேயே இருந்த சஹ்லாவையும் ஆசியா உம்மாவையும் வேலைக்குக் கூப்பிட்டார். சஹ்லாவைப் புருஷன் விட்டுவிட்டுப் போயிருந்தான். ஆசியா உம்மாவுக்கு வயது அறுபது, முன்பு தறியில் இருந்தவர். ஆயிரத்து ஐந்நூறு பெரிய தொகை, ஒரு ஆள் தைத்தால் மாரி வந்துவிடும் என்றார். இப்போதே துணியை வெட்டி வைக்கிறோம் என்றார். நல்லது ராத்தா என்றேன்.

ஓகஸ்ட் நடுவில் எண்ணினேன். கல்லிருந்த வீடுகளில் ஐம்பத்திரண்டு சாடிகளில் நாற்பத்தேழு உயிரோடு. கல் எடுத்த வீடுகளில் நூற்றி எட்டில் பத்தொன்பது.

மதுஷன் சேர் தாளை மேலிருந்து கீழே வாசித்தார். கல் எங்கே போனது என்று கேட்டார். கோயிலுக்கு என்றேன். அவர் சிரித்தார், பிறகு நிறுத்தினார். அவருடைய அம்மாவும் குளிர்த்திக்குப் பொங்குபவர்தான்.

“அப்ப துணியில பிழையில்லை. கல்லை எடுத்ததுதான் பிழை. படிவத்தில ஒரு நிரல் இருக்கு, பாருங்க, ‘அறிவுறுத்தலைப் பின்பற்றவில்லை’ எண்டு. இருபத்தேழுக்கும் அதில சரி போடுங்க. அவங்க எண்ணிக்கையில வரமாட்டாங்க. மிச்சம் அம்பத்திரண்டுக்கு நாப்பத்தேழு. கொழும்பில மறுகதை இல்லாமல் கையெழுத்து வைப்பாங்க. உங்கட ராத்தாவுக்கு ஆயிரத்தி ஐநூறும் போகும்.”

“அந்த இருபத்தேழு வீட்டுக்கும்?”

“பின்பற்றாதவங்களுக்கு அடுத்த கட்டம் இல்லை. அது விதி.”

அடுத்த கட்டம் மழைநீர்த் தாங்கி. அந்தக் கரையில் கிணற்றுத் தண்ணீர் ஆனியோடு கசக்கத் தொடங்கும். ஆவணி புரட்டாதியில் சமைக்க, குடிக்க எல்லாம் வீதியிலிருந்து குடத்தில் தூக்க வேண்டும்.

“சரி போடாட்டி?”

“போடாட்டி நூத்தி அறுபதுக்கு அறுபத்தாறு. துணிச்சாடி தோல்வி. பிளாஸ்டிக்.” அவர் தாளை என் பக்கம் தள்ளினார். “நான் பொய் எழுதச் சொல்லல்ல, பிரஷாந்தி. அவங்க கல்லை எடுத்தது உண்மைதானே?”

“ஓம் சேர்.”

“திங்கட்கிழமை தாங்க.”

சனிக்கிழமை கண்ணகை அக்கா வீட்டுக்குப் போனேன். எதற்கென்று எனக்கே தெரியாது. செத்த நான்கு செடியையும் பிடுங்கி வேலியில் போட்டிருந்தார். சாடிகளை மடித்து அடுக்கியிருந்தார். கூரைத் தகரத்தின் தாழ்வான மூலைக்குக் கீழே, ஒரு வண்டிச் சில்லு அளவில் நிலம் மட்டம் பார்த்து, சிப்பியும் களியும் போட்டு இடித்து இறுக்கியிருந்தது. நல்லரத்தினம் அண்ணன் அதற்கு மேல் ஏறி நின்று குதித்துக்கொண்டிருந்தார்.

“தாங்கி வைக்க,” என்றார் கண்ணகை அக்கா. “இந்த மனிசன் வலைக்குப் போகாம மூணு நாளா இதுக்கு மேல ஆடுது. ஆயிரம் லீற்றர் எண்டா தாங்குமா?”

“தாங்கும்.”

“பை சரிவரல்ல, புள்ள. நான் தண்ணி காட்டாம விடல்ல. விடியவும் ஊத்தினன், பின்னேரமும் ஊத்தினன். என்ன பிழை விட்டனோ தெரியா.” அவர் என்னைப் பார்த்தார். “கல்லாலயா?”

“ஓம்.”

“அப்பிடியெண்டு அண்டைக்கே சொல்லியிருந்தா காய்ஞ்ச தென்னங்குத்தியை வெட்டி வச்சிருப்பனே. கல்லுத்தான் வேணுமெண்டு நினைச்சுப் போட்டன்.”

தென்னங்குத்தி போதும். எது என்றாலும் போதும், நடுவில் காற்று இருந்தால். நான் அதை யோசித்திருக்கவில்லை. தாளில் செங்கல் என்று எழுதியிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அறிக்கையை எழுதினேன். எழுதுவது எனக்குக் கஷ்டமில்லை. துணிச்சாடி சீமெந்திலும் உயர்த்தி வைத்த இடத்திலும் நன்றாக வேலை செய்யும். உவர் நிலத்தில் நேரே வைத்தால் உப்பை உறிஞ்சும். அதற்குக் கொடுத்த ஏற்பாடு கழற்றி எடுக்கக் கூடியது, அதன் காரணம் பயனாளிகளுக்கு வாயால் விளக்கப்படவில்லை. கற்கள் அகற்றப்பட்டதைக் கள உத்தியோகத்தர் வைகாசி மாதமே நேரில் கண்டார். ஜூனில் பயனாளி ஒருவர் மாற்றுக் கல் கேட்டார். உத்தியோகத்தர் அலுவலகத்துக்கு அறிவிக்கவில்லை. பின்பற்றவில்லை என்ற நிரலில் ஒருவருக்கும் சரி போடாமல், நாற்பது வீட்டுக்கும் வெறுங்கோடு இழுத்தேன். மொத்தம் நூற்றி அறுபது, உயிரோடு அறுபத்தாறு.

எழுதும்போது ஏதாவது தோன்றும் என்று காத்திருந்தேன். கை கொஞ்சம் குளிர்ந்திருந்தது. கச்சானிலும் குளிர்ந்திருந்தது.

மதுஷன் சேர் கடைசிப் பக்கத்தை இரண்டு தரம் வாசித்தார்.

“பிழையை உங்கட பேரில எழுதியிருக்கீங்க.”

“ஓம் சேர்.”

“ஒக்டோபருக்குப் பிறகு உங்கட ஒப்பந்தத்தை நீட்டச் சொல்லி நான் எழுதினாலும் தரமாட்டாங்க. விளங்குதா?”

“விளங்குது சேர்.”

“தாங்கி இருபத்தேழுக்கும் போகும்.” அவர் தாளை மூடினார். “ராத்தாவுக்கு ஆர் சொல்றது? நானா?”

“நான் சொல்றன்.”

அன்றைக்கே போனேன். தொலைபேசியில் சொல்லலாம், குறுஞ்செய்தியும் அனுப்பலாம். எழுதியும் வைத்திருந்தேன். பஸ்ஸில் இருந்தபடி அதை அழித்தேன்.

முன் அறையில் வெட்டிய துணி சுவர் உயரத்துக்கு அடுக்கியிருந்தது. அடி வேறாக, சுவர் வேறாக, பிடி வேறாக. மஜீட் நானா கதிரையைத் தள்ளி எனக்கு இடம் விட்டார். ராத்தா கத்தரிக்கோலோடு எழும்பி வந்தார்.

“வா புள்ள. ஓடர்க் கடிதம் கொண்டு வந்தயா?”

நான் நின்றபடியே சொன்னேன். கோயில், கல், உப்பு, எண்ணிக்கை, பிளாஸ்டிக். வரிசையாகச் சொன்னேன். படங்கள் எந்த வீடுகளில் எடுத்தது என்றும் சொன்னேன். மஜீட் நானாவின் கையில் நூல் அப்படியே நின்றது.

ராத்தா ஒரு சாடியின் அடித்துண்டை எடுத்துத் திருப்பினார். வட்டத் துண்டு. விரலால் அதன் விளிம்பைச் சுற்றி வந்தார்.

“கீழால வாற உப்புத்தானே?”

“ஓம்.”

“அப்ப அடிக்கு மட்டும் யூரியாப் பைத் துண்டை வச்சுத் தச்சா? சுவர் துணி, அடி பிளாஸ்டிக். அடியோட ஒட்டி, பக்கத்தில நாலு ஓட்டை, தண்ணி போக.”

நான் யோசித்தேன். வேர் பக்கங்களால் காற்றைக் காணும். உப்பு கீழால் ஏறாது. மழைக்கு மட்டும் ஓட்டை கவனிக்க வேண்டும்.

“வேலை செய்யும்,” என்றேன்.

“நாளைக்கே ஒண்டு தச்சுத் தாறன்.”

“முடிவாயிட்டு ராத்தா. பிளாஸ்டிக்குக் கடிதம் இண்டைக்கே போயிட்டு.”

“எப்ப கண்ட நீ, கல்லு இல்லை எண்டு?”

“வைகாசியில.”

“வைகாசியில.” அவர் துண்டை அடுக்கின் மேல் சரியாக வைத்தார். “ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நான் உனக்குக் கோல் எடுத்தன். ஒரு வெள்ளிக்கிழமை செல்லியிருந்தா அடி வச்சுத் தச்சிருப்பன். நூத்தி அறுபதையும் பிரிச்சு, ஒரு சல்லி கேக்காமத் தச்சிருப்பன். ஊதிப் பாத்தமாதிரி ரெண்டு நிமிசத்தில யோசிச்சிருப்பன். நீ எனக்குப் படமா அனுப்பினா.”

“நஸீறா,” என்றார் மஜீட் நானா.

“நீங்க சும்மா இரிங்க. நான் இவளுக்கு ஏசல்ல. கேக்கன்.” அவர் என் முகத்துக்கு நேரே வந்தார். “உனக்கு வாய் இரிக்கா இல்லையா?”

எனக்கு அழுகை வரவில்லை. வந்திருந்தால் அவருக்கு லேசாக இருந்திருக்கும் போல.

பின் அறையில் இரண்டு மெஷினும் ஓடிக்கொண்டிருந்தன. ராத்தா அந்தப் பக்கம் பார்த்தார். கத்தரிக்கோலை மேசையில் வைத்தார்.

“அவங்களுக்கு நீயே போய்ச் செல்லு. எனக்கு ஏலா.”

“நானா?”

“நீதான். எழுதிக் குடுக்காத. சஹ்லா வாசிப்பா, ஆசியா உம்மாக்கு எழுத்துத் தெரியா.”

நான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். சஹ்லா சுவர்த்துண்டு ஒன்றை அடியோடு சேர்த்துக்கொண்டிருந்தாள். ஆசியா உம்மா பிடி வைத்துக்கொண்டிருந்தார். முடிந்த சாடிகள் ஒன்றுக்குள் ஒன்றாகக் கோபுரம் மாதிரி நின்றன. கதவடியில் நின்று சொன்னேன். இரண்டு மெஷினும் நிற்கவில்லை. இன்னும் இரண்டு அடி வைத்துக் கிட்டப் போனேன். சஹ்லா நிமிர்ந்து பார்த்துக் காலை எடுத்தாள்.

“என்ன செல்றீங்க?”

“துணிச்சாடி வேலை இனி இல்லை,” என்றேன். “தைக்கிறதை நிப்பாட்டுங்க. பிழை உங்கட தையல்ல இல்லை. எனக்கு வைகாசியிலேயே தெரியும். நான் ஒருத்தருக்கும் சொல்லல்ல.”

சஹ்லா என்னைப் பார்த்தாள். பிறகு கையிலிருந்த துண்டைப் பார்த்தாள். அதில் பாதிச் சுற்றுத் தைத்திருந்தது. ஊசியைத் தூக்கி நூலை அறுத்தாள்.

ஆசியா உம்மாவின் மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது.

“அவவுக்குக் காது குறைவு,” என்றாள் சஹ்லா. “பலமாச் செல்லுங்க.”

நான் ஆசியா உம்மாவுக்கு முன்னால் போய் நின்று, முதலிலிருந்து, பலமாகச் சொன்னேன்.